படலைக்கு வந்த வேட்பாளரும் எமது மனமும்

தேர்தல் அறிவிக்கப்பட்டு, வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டுவிட்டன. மாலை ஐந்து மணியளவில் ஒழுங்கை முகப்பில் ஒரு வாகனம் வந்து நிற்கிறது. நான்கைந்து இளைஞர்களுடன் வேட்பாளர் இறங்குகிறார். கூட வந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் அவரது காதில் ஏதோ சொல்கிறார். வேட்பாளர் படலையைத் திறந்து உள்ளே வந்து, திண்ணையில் இருக்கும் மூதாட்டியின் கைகளைப் பற்றிக்கொள்கிறார்.

“என்ன ஆச்சி, சுகமா இருக்கிறியளோ? கால் நோ இப்ப எப்பிடி? பேரன் சோதினை எழுதினவராம், என்ன மாதிரிச் செய்தவர்?”

மூன்று நிமிடப் பேச்சு, ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு கும்பிடு. அவர் அடுத்த படலைக்குப் போய்விடுகிறார். ஆச்சி மகளைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: “நல்ல பிள்ளை. பெரிய ஆளாய் இருந்தும் என்ரை காலைப் பற்றி விசாரிச்சிட்டுப் போகுது.”

இத்தகைய காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த மூன்று நிமிடத்தில் ஆச்சியின் மனதில் அந்த வேட்பாளர் மீது ஒரு பற்று ஏற்பட்டுவிட்டது. ஆனால் ஊர்க்குளத்தின் துருசு பழுதடைந்து, கடைவாய்க்கால் வயல்கள் மூன்று போகமாகத் தரிசாகக் கிடக்கின்றன. அதைப் பற்றி அவர் என்ன எண்ணுகிறார் என்பது ஆச்சிக்குத் தெரியாது. ஆச்சி கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை.

தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் எம்மை அணுகும் முறைகள் எமது உணர்வுகளை எவ்வாறு உருவாக்குகின்றன? அந்த உணர்வுகள் எவ்வளவு தூரத்திற்கு எமது வாக்கைத் தீர்மானிக்கின்றன? இவை பற்றிப் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் சொல்பவற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம். இவற்றை அறிந்துகொள்வது கிராமத்தில் வாழும் எமக்கு மிகவும் அவசியமாகும். ஏனெனில் வீதி, வாய்க்கால், பாடசாலை, மருந்தகம் யாவற்றுக்கும் பணம் ஒதுக்குபவர்களை நாம் அந்த ஒரு நாளிலேயே தெரிவுசெய்கிறோம்.

அடிக்கடி கண்ட முகம்

முதலில் சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். மதகிலும் மதிலிலும் மின்கம்பத்திலும் ஒரே முகம் எம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. அதில் பெரிதாக எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. பெயர், சின்னம், இலக்கம் ஆகியவை மட்டுமே இருக்கும். இதற்கு ஏன் இவ்வளவு பணம் செலவிடுகிறார்கள் என்று நாம் வியப்பதுண்டு.

1968 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் றொபேட் ஸாயொன்ஸ் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. பொருளற்ற சொற்கள், சீன எழுத்தைப் போன்ற குறிகள், முன்பின் அறியாத முகங்களின் படங்கள் ஆகியவற்றை அவர் மாணவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு தடவைகளும், வேறு சிலவற்றை 25 தடவைகள் வரையும் காட்டினார். கூடுதலான தடவைகள் கண்டவற்றையே அவர்கள் நல்லவை என மதிப்பிட்டனர். அந்த முகத்துக்கு உரியவரைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாது. அடிக்கடி கண்டதால் பழக்கம் ஏற்பட்டது. பழக்கம் விருப்பமாக மாறியது.

சுவரொட்டியும் இதனையே செய்கிறது. அது எமக்கு எதையும் விளங்கப்படுத்துவதில்லை, முகத்தைப் பழக்கப்படுத்துகிறது. வாக்குச் சீட்டைக் கையில் எடுக்கும்போது “இவரைத் தெரியும்” என்று மனம் சொல்கிறது. உண்மையில் எமக்குத் தெரிந்தது அவரது சுவரொட்டி மட்டுமே.

பாட்டும் படமும்

அடுத்தது ஒலிபெருக்கியில் வரும் பாட்டும், தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வரும் விளம்பரமும். 1998 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கான வேட்பாளரைக் கட்சிக்குள் தெரிவுசெய்யும் தேர்தல் நடைபெற்றது. அக்காலத்தில் ரெட் பிறேடர் என்னும் ஆய்வாளர் ஒரு பரிசோதனை செய்தார். விளம்பரத்தில் பேசப்படும் சொற்களை மாற்றாமல், பின்னணி இசையையும் படங்களையும் மட்டும் மாற்றினார். ஒன்றில் எழுச்சியான இசையும் சிரிக்கும் பிள்ளைகளும் இடம்பெற்றனர். மற்றதில் அச்சமூட்டும் இசையும் வன்செயற் காட்சிகளும் இடம்பெற்றன.

எழுச்சியான இசையைக் கேட்டவர்கள் தாம் முன்னரே விரும்பிய வேட்பாளரை மேலும் உறுதியாகப் பற்றிக்கொண்டனர். வாக்களிக்கும் ஆர்வமும் கூடியது. அச்சமூட்டும் படங்களைக் கண்டவர்கள் தமது பழைய விருப்பத்தைச் சற்றுத் தளர்த்தி, மறு யோசனை செய்யத் தொடங்கினர். சொற்கள் மாறாதபோதும் மனம் வேறு வேறு வழியில் சென்றதை இங்கு காண்கிறோம்.

ஆகவேதான் தன் பக்கம் ஆதரவு பலமாக உள்ளது என நம்பும் வேட்பாளர் கொண்டாட்டமாக வருவதையும், பின்தங்கியிருப்பவர் “நாளை உங்கள் காணி போகும், வேலை போகும்” என்று பயம் காட்டுவதையும் நாம் காண்கிறோம். உண்மையான ஆபத்தை எடுத்துச் சொல்வது தவறல்ல. ஆனால் பயம் வந்தவுடன் அந்தச் செய்தி உண்மையா என்று விசாரிப்பது எமது கடமையாகும். அதுவும் வாக்களிப்புக்குச் சில நாட்களே இருக்கையில் பரவும் செய்தியை இரு மடங்கு விசாரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் மனம் மாறுமா?

பிரசாரத்தால் மக்களின் மனத்தை முற்றாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

1940 ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ஒகாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில், போல் லசார்ஸ்பெல்டும் அவரது குழுவினரும் 600 பேரை மே மாதம் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்து வந்தனர். இடையில் ஒரு கட்சியை விட்டு மறு கட்சிக்கு மாறியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோருக்குப் பிரசாரம் செய்தது, ஏற்கனவே இருந்த பற்றை உறுதிப்படுத்தியதே ஆகும். இன்னொன்றும் தெரியவந்தது. கடைசி நேரத்தில் முடிவெடுத்தவர்களையும் மனம் மாறியவர்களையும் வானொலியும் பத்திரிகையும் அசைத்ததிலும் பார்க்க, அயலவரும் உறவினரும் கூட வேலை செய்பவர்களும் நேரில் பேசிய பேச்சே கூடுதலாக அசைத்தது. எமது ஊரில் சந்திக் கடைக்காரர், ஆசிரியர், சங்கச் செயலாளர் ஆகியோரை வேட்பாளர்கள் முதலில் தேடி வருவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

1998 ஆம் ஆண்டில் நியூ ஹேவன் நகரில் அலன் கேர்பர், டொனால்ட் கிறீன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 30,000 வாக்காளர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினர். சிலரது வீட்டுக்கு ஆட்கள் நேரில் சென்று வாக்களிக்க வருமாறு கேட்டனர். சிலருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. சிலருடன் தொலைபேசியில் பேசினர். நேரில் சென்று கேட்டவர்களே கூடுதலாக வாக்களிக்க வந்தனர். கடிதத்தின் பயன் சிறிதே. தொலைபேசியால் பயன் காணப்படவில்லை. இங்கு எந்த வேட்பாளருக்கும் ஆதரவு கேட்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்ட மனிதரின் முகமே வாக்காளரை எழுந்து போகச் செய்தது.

வேட்பாளருக்கு ஆதரவு கேட்டுப் போனால் என்ன நடக்கும்? 2018 ஆம் ஆண்டில் ஜோஷுவா கல்லா, டேவிட் புறூக்மன் ஆகிய இருவரும் இது தொடர்பான 49 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். இரு பெருங்கட்சிகள் மோதும் பொதுத்தேர்தலில் வீட்டுக்கு வருவதாலோ துண்டுப்பிரசுரத்தாலோ வாக்காளர் யாரைத் தெரிவுசெய்கிறார் என்பது சராசரியாக மாறவில்லை. ஆனால் கட்சிக்குள்ளேயே வேட்பாளர்கள் போட்டியிடும் தேர்தல்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு கட்சி அடையாளம் வாக்காளருக்கு உதவுவதில்லை. எல்லோரும் ஒரே கட்சியினர். எனவே வீட்டுக்கு வந்து பேசுவது அங்கு பலன் தந்தது.

எமது விருப்பு வாக்கு

இந்த இறுதி முடிவு இலங்கையில் வாழும் எமக்கு மிக முக்கியமானது எனலாம். 1978 ஆம் ஆண்டு யாப்பின் வழியாக விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. 1989 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் முதன்முதலாக விருப்பு வாக்கு முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. நாம் ஒரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தபின், அதே பட்டியலில் உள்ள மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம்.

கட்சியைத் தெரிவுசெய்வதில் எமக்குப் பழைய பற்று, கொள்கை, குடும்ப வழக்கம் என்று பல பிடிகள் உண்டு. ஆனால் ஒரே கட்சிப் பட்டியலில் உள்ள பலரிலிருந்து மூவரைத் தெரிவுசெய்யும்போது அந்தப் பிடிகள் உதவுவதில்லை. அவர்களின் சின்னமும் ஒன்று, விஞ்ஞாபனமும் ஒன்று. அப்போது எஞ்சுவது முகமும் இலக்கமும், யார் எமது படலைக்கு வந்தார் என்ற நினைவும்தான். ஒரே கட்சிக்காரர் ஒருவரோடொருவர் போட்டியிட்டுச் சுவரொட்டி ஒட்டுவதற்கும், வீடு வீடாக வருவதற்கும், பொருட்கள் கொடுப்பதற்கும் இதுவே பெருங்காரணம். ஆகவே எமது உணர்வு ஆகக்கூடிய வேலையைச் செய்யும் இடம் இந்த மூன்று விருப்பு வாக்குகளாகும். நாம் ஆகக்குறைவாக யோசிக்கும் இடமும் அதுவே.

கையில் வாங்கியதும் மனத்தில் நிற்பதும்

“குடுக்கிறதை வாங்குவம், போடுறதை எங்கடை விருப்பத்துக்குப் போடுவம்.” இப்படிச் சொல்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். வாக்கு இரகசியமானது, ஆகவே வாங்குவதில் நட்டமில்லை என்பது இவர்களின் எண்ணம். இது கெட்டித்தனமாகவே தோன்றுகிறது. ஆனால் மனம் அவ்வளவு இலகுவாக இரண்டாகப் பிரிவதில்லை.

2013 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் சோர்சோகன் நகரில் இது பரிசோதிக்கப்பட்டது. தேர்தலில் வாக்குக்குப் பணம் கொடுப்பது அங்கு சாதாரணமாக நடைபெறும். ஆய்வாளர்கள் ஒரு பகுதி வாக்காளரிடம் “நான் பணம் வாங்கமாட்டேன்” என்று வாக்குறுதி அளிக்க விருப்பமா எனக் கேட்டனர். இன்னொரு பகுதியினரிடம் “பணம் வாங்கினாலும் மனச்சாட்சிப்படியே வாக்களிப்பேன்” என்று வாக்குறுதி அளிக்க விருப்பமா எனக் கேட்டனர். பெரும்பாலானோர் உடன்பட்டு வாக்குறுதி அளித்தனர்.

முடிவு என்ன? வாங்கமாட்டேன் என்று சொல்லுமாறு கேட்கப்பட்டவர்களிடையே வாக்கை விற்பது குறைந்தது. குறைந்த தொகை கொடுக்கப்பட்ட தேர்தலில் இந்தக் குறைவு ஏறக்குறைய 11 வீதப் புள்ளிகளாக இருந்தது. வாங்கினாலும் மனச்சாட்சிப்படி வாக்களிப்போம் என்ற வாக்குறுதியோ அவ்வளவு பயன் தரவில்லை. பெரிய தொகை கொடுக்கப்பட்ட இடத்தில் முதலாவது வாக்குறுதியின் பலமும் குறைந்தது.

இதன் விளக்கம் எமக்குப் புதிதல்ல. ஒருவர் ஒரு சுமை கூரைத்தகடு தந்தால், அவருக்கு எதிராக எதுவும் செய்ய எமது மனம் கூசும். உபகாரத்துக்கு நன்றி காட்ட வேண்டும் என்று எம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பண்பே. அந்த நல்ல பண்பையே கொடுப்பவர் பயன்படுத்திக்கொள்கிறார். இரகசியமான வாக்குச் சீட்டை வேறு எவரும் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் எமது மனம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அத்துடன், எமது தேர்தல் சட்டத்தின்படி வாக்குக்காகப் பணமோ பொருளோ கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றமாகும்.

ஒரே கேள்வி, ஒரே திரை

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, வாக்காளர் வெறும் உணர்ச்சியால் இழுக்கப்படுபவர் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. எம்மை அணுகும் முறை மாறினால் எமது முடிவும் மாறும். அதற்கு மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோன் ஓர் உதாரணமாகும்.

1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போரால் சிதைந்த நாடு அது. கிராமத்து மக்களில் மிகப் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கட்சிப் பற்று பெரும்பாலும் இனத்தையும் பிரதேசத்தையும் பின்பற்றியே அமைந்திருந்தது. 2012 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலின்போது 14 தொகுதிகளில் வேட்பாளர்களை ஒன்றாக இருத்தி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அந்த விவாதத்தைப் படம் பிடித்தனர். பின்னர் 224 வாக்களிப்பு நிலையங்களில் 112ஐக் குலுக்கல் முறையில் தெரிந்து, அவற்றைச் சேர்ந்த கிராமங்களில் திரை கட்டி அப்படத்தைக் காட்டினர். மற்ற 112 இடங்களில் காட்டவில்லை. பின்னர் இரண்டையும் ஒப்பிட்டனர்.

படம் பார்த்த ஊர்களில் மக்கள் வேட்பாளர்களையும் அவர்களின் நிலைப்பாடுகளையும் நன்கு அறிந்திருந்தனர். தமது கருத்தோடு ஒத்துப்போகும் வேட்பாளரைத் தெரிவுசெய்வது கூடியது. விவாதத்தில் நன்றாகப் பதில் சொன்னவருக்கு வாக்குகள் அதிகரித்தன. பேச்சு வன்மையும் ஆளுமையும் அங்கும் வேலை செய்தன என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆயினும் கொள்கை பற்றிய அறிவும் கூடவே வேலை செய்தது.

இன்னும் இரண்டு விடயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, படம் காட்டப்பட்ட ஊர்களில் வேட்பாளர்கள் தமது பிரசாரத்தைக் கூட்டினர். விடயம் அறிந்த மக்களை அவர்களால் ஒதுக்க முடியவில்லை. இரண்டாவது, விவாதத்தில் பங்குபற்றி வெற்றிபெற்ற உறுப்பினர்கள், பதவிக்கு வந்த முதல் ஆண்டில் தமது தொகுதி மக்களைக் கூடுதலாகச் சந்தித்தனர். தொகுதி நிதியை அபிவிருத்திக்குக் கூடுதலாகச் செலவிட்டனர். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லை மறப்பது கடினம். திண்ணையில் ஒருவருக்கு மட்டும் சொன்ன சொல்லை மறப்பது இலகு.

எமது ஊரில் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, வாசிகசாலை ஆகியன செய்யக்கூடிய சில காரியங்களைக் கூறலாம்.

1. தேர்தலுக்கு முன்னரே கூடி, ஊரின் முக்கிய தேவைகள் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச சபை செய்ய வேண்டியது எது, பாராளுமன்றத்தில் பேச வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரதேச சபையின் கையில் இல்லாத வேலையை அதன் வேட்பாளர் வாக்களித்தால், அது வெறும் சொல் என்பது உடனே தெரிந்துவிடும்.

2. எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் அது அவரது பிரசாரக் கூட்டமாகிவிடும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். பதிலைச் சங்கக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தேர்தல் விதிகளுக்கு அமையவும், வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலத்துக்கு முன்னரும் இதனை நடத்த வேண்டும்.

3. வர மறுத்தவர் யார் என்பதையும் குறித்து வையுங்கள். அதுவும் ஒரு பதிலே.

4. பொருள் வாங்குவதில்லை என்று தனித்தனியே தீர்மானிப்பதிலும் பார்க்கச் சங்கமாகத் தீர்மானிப்பது இலகுவானது. அப்போது மறுப்பவர் தனித்து நிற்க வேண்டியதில்லை.

5. செலவைக் கவனியுங்கள். 2023 ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் தமது வரவு செலவு விபரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். ஊரெங்கும் முகத்தைப் பழக்கிய சுவரொட்டிக்கு யார் பணம் கொடுத்தார், அவர் பின்னர் என்ன கேட்பார் என்று யோசிப்பது நன்று.

6. விருப்பு வாக்கு அளிக்கும் மூவரையும் வாக்களிப்பு நிலையத்துக்குப் போகுமுன்னரே வீட்டில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். “எங்கடை வீட்டை வந்தவர்” என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காவிட்டால், இன்னொரு முறை யோசியுங்கள்.

வேட்பாளர் வீட்டுக்கு வருவது தவறல்ல. எமது முற்றத்துக்கு வராதவருக்கு எமது துன்பம் எப்படித் தெரியும்? வந்தவரை உபசரிப்பதும், அவர் மீது விருப்பம் கொள்வதும் மனித இயல்பே. அந்த விருப்பம் எப்படி உண்டானது என்பதை அறிந்திருந்தால், அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

அடுத்த தேர்தலிலும் ஒரு வாகனம் ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கும். யாரோ ஒருவர் ஆச்சியின் கையைப் பற்றிக் கால் நோவை விசாரிப்பார். ஆச்சி அவரை இருக்கச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்:

“என்ரை கால் கிடக்கட்டும் தம்பி. துருசு உடைஞ்சு மூண்டு போகம். அதுக்கு நீங்கள் என்ன செய்யிறதாய் இருக்கிறியள்? ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக் கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவியளோ?”